சுமைப் பயிற்சிக்கு எந்த முதுகுப்பை? சூத்திரத்தில் இல்லாத ஒரு மாறி

"எத்தனை லிட்டர் பை வாங்கலாம்?"

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போய் வரலாம் என்று கிளம்புகிற நண்பர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்த கேள்வி எந்த பிராண்ட், அதற்கடுத்தது விலை. உங்க முதுகு எத்தனை சென்டிமீட்டர்னு நான் திருப்பிக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பார்வைக்கான பதில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவரோ உடற்பயிற்சி நிபுணரோ இல்லை. இருபது வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து கோடு எழுதுகிற ஆள். வார இறுதிகளில் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. டிஸ்க் பிரச்சினை, முழங்கால் தேய்மானம் இருப்பவர்கள் சுமை தூக்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு

சுமையோடு நடக்க எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. அமெரிக்க ராணுவ ஆய்வாளர்களான பாண்டால்ஃபும் அவருடைய சகாக்களும் 1977-ல் வெளியிட்டது. இன்றும் எல்லோரும் அதைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். உடல் எடை, சுமை, வேகம், சரிவு, தரையின் தன்மை என்று ஐந்து விஷயங்களைக் கொடுத்தால் எத்தனை வாட் ஆகும் என்று சொல்லிவிடும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் நல்ல சமதளத்தில் மணிக்கு 4.3 கிலோமீட்டர் வேகத்தில் வெறுங்கையோடு நடந்தால் சுமார் 256 வாட். அதே ஆள் 10 கிலோ பையை மாட்டிக்கொண்டால் 281 வாட். கூடுதல் செலவு பத்து சதவீதம்தான்.

இப்போது 15 சதவீத ஏற்றம், வேகத்தையும் மணிக்கு 2.9 கிலோமீட்டராகக் குறைத்துவிடுவோம். சுமையே இல்லாமல் 466 வாட். 10 கிலோவோடு 521 வாட்.

இந்த நாலு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூச்சு வாங்க வைப்பது ஏற்றம். அதன் முன்னால் 10 கிலோ சுமை சின்ன விஷயம். அப்படியென்றால் சுமையோடு எதற்குப் பயிற்சி செய்யணும், வெறுமனே படியேறினால் போதாதா?

நுரையீரலுக்கும் இதயத்துக்கும் போதும். ஆனால் தோள்பட்டை, கீழ்முதுகு, இடுப்பு, முழங்கால், பாதம் ஆகியவை சுமையைத் தூக்கித்தான் சுமைக்குப் பழகும். லுக்லாவிலிருந்து அடிவார முகாம் போய்த் திரும்ப சுமார் 130 கிலோமீட்டர், பத்துப் பன்னிரண்டு நாள். தினமும் ஆறேழு மணி நேரம் பை முதுகில்தான் இருக்கும். மூன்றாவது நாள் தோள் போய்விட்டால் மீதி நாட்களை யார் நடப்பது?

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தச் சூத்திரத்தில் சுமையின் எடை இருக்கிறது, பை இல்லை. 10 கிலோவை பள்ளிக்கூடப் பையில் போட்டாலும் ஒழுங்கான ட்ரெக்கிங் பையில் போட்டாலும் அதற்கு ஒரே விடைதான். ஒரு மாறியை விட்டுவிட்டால் அது இல்லாமல் போய்விடாது, வேறெங்காவது எட்டிப் பார்க்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இங்கே அது எட்டிப் பார்க்கும் இடம் தோள்.

தோளில் என்னதான் நடக்கிறது?

ராணுவ மருத்துவத்தில் 'ரக்சாக் பால்ஸி' என்று ஒன்று உண்டு. பையின் பட்டை, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றையை அழுத்தி, கை மரத்துப்போவதும் வலுவிழப்பதும்தான் அது. பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அது அதிகம் வருவது வீரர்கள் சுமக்கிற பெரிய சுமைகளில்தான். இருந்தாலும் விரலைத் தட்டிச் சோறு சாப்பிடுகிற நம்மைப் போன்றவர்கள் அலட்சியப்படுத்துகிற விஷயம் இல்லை. நடக்கும்போது விரல்கள் மரத்தால் அதைக் களைப்பு என்று ஒதுக்காமல் உடனே பையைக் கழற்றிவிட வேண்டும்.

இதைத் தவிர்க்கத்தான் பைக்குள் சட்டகமும் இடுப்பில் பட்டையும் வைத்தார்கள். சட்டகம் என்பது முதுகுப் பக்கம் உள்ளே இருக்கும் அலுமினியக் கம்பி அல்லது கெட்டியான பிளாஸ்டிக் பலகை. பாரத்தை மேலிருந்து இடுப்புக்கு இறக்குவது அதன் வேலை. சட்டகம் இல்லாத பையில் இடுப்புப் பட்டை இருந்தும் பெரிய பயன் இல்லை. பை நடுவில் மடங்கும், பாரம் மறுபடி தோளுக்கே போய்விடும்.

எவ்வளவு பாரம் இடுப்புக்கு இறங்கும்? விளம்பரங்களில் 80 சதவீதம் வரை சொல்வார்கள். லஃபியான்ட்ரா, ஹார்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-ல் சட்டகமும் இடுப்புப் பட்டையும் கொண்ட பையில் அளந்து பார்த்தபோது, செங்குத்துப் பாரத்தில் சுமார் 30 சதவீதம் கீழ்முதுகுப் பக்கம் போனது, மீதி மேல்முதுகிலும் தோளிலும். விளம்பரத்தை நம்பி ஏமாறவும் வேண்டாம், 30 சதவீதம்தானே என்று ஒதுக்கவும் வேண்டாம். 10 கிலோவில் 3 கிலோ ஆறு மணி நேரம் தோளில் இல்லை என்றால் அது பெரிய நிம்மதி.

நெம்புகோல்: பிளஸ் ஒன் இயற்பியல்

பையின் எடை கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை, நம்மைப் பின்னாலும் இழுக்கிறது. பை இடுப்பில் ஊன்றி நிற்கிறது, தோள்பட்டை அதைப் பின்னால் சாயாமல் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்கும் பட்டை பையில் சேரும் இடத்துக்கும் 45 செ.மீ. உயரம். 10 கிலோவின் மையம் முதுகிலிருந்து 20 செ.மீ. தள்ளியிருந்தால், தோளைப் பின்னால் இழுக்கும் விசை 10 × 20 ÷ 45, அதாவது சுமார் 4.4 கிலோவுக்குச் சமம். அதே எடை 10 செ.மீ. தூரத்தில் இருந்தால் 2.2 கிலோ.

எடை மாறவில்லை, பை வைத்திருந்த விதம் மட்டும் மாறியது. தோளுக்கான இழுப்பு பாதியாகிவிட்டது. கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்கணும்னு பழைய மலையேறிகள் சொல்வதன் கணக்கு இவ்வளவுதான்.

நம் ஊர்ப் பெண்கள் சும்மாடு வைத்துத் தலையில் குடம் தூக்கியதை நினைத்துக்கொள்ளுங்கள். சுமை நேராக முதுகெலும்புக்கு மேலே, பின்னால் இழுக்க நெம்புகோலே கிடையாது. 1986-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, தலைச்சுமை பழகிய கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் ஆற்றல் செலவே இல்லாமல் சுமந்ததைப் பதிவு செய்தது. எவரெஸ்ட் வழியிலும் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். நேபாளச் சுமைக்காரர்கள் 'டோகோ' என்ற மூங்கில் கூடையை முதுகில் வைத்து, 'நாம்லோ' என்ற பட்டையால் தலையில் தாங்குகிறார்கள். நாம்சே சந்தைக்குப் போகிறவர்களை எடைபோட்டு 2005-ல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதமும் பெண்கள் 66 சதவீதமும் சுமந்தார்கள்! படித்துவிட்டு ஸ்ப்ரெட்ஷீட்டை மூடிவைத்தேன்.

அவர்கள் சிறு வயதிலிருந்து பழகியவர்கள். நாம் போய் நாம்லோ மாட்டினால் கழுத்துதான் போகும். ஆனால் அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. மெதுவாக நடக்கிறார்கள், அடிக்கடி நிற்கிறார்கள். கூடையை இறக்காமலே கீழே ஒரு தடியை முட்டுக்கொடுத்து நின்றபடி இளைப்பாறுகிறார்கள். வழியில் கல்திண்ணைகளும் உண்டு. நம் பழைய சாலையோரச் சுமைதாங்கிக் கல்லின் உறவுக்காரர் என்று சொல்லலாம்.

லிட்டரை விடுங்கள், முதுகை அளங்கள்

ஒரு தையல் டேப்பும் கூட ஒரு ஆளும் போதும்.

1. தலையை முன்னால் குனியுங்கள். கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு தெரியும். அது மேல் புள்ளி.
2. இரண்டு கைகளையும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்பில் வையுங்கள், கட்டைவிரல்கள் பின்பக்கம். இரு கட்டைவிரல்களையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் கீழ்ப் புள்ளி.
3. நிமிர்ந்து நின்று, முதுகின் வளைவோடு டேப்பை ஒட்டி இரண்டுக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள்.

இதுதான் உங்கள் முதுகு நீளம். உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. என் மனைவி என்னைவிட 6 செ.மீ. தான் குட்டை. ஆனால் என் முதுகு 49 செ.மீ., அவருடையது 41. ஒரே பையை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்ற சிக்கனத் திட்டம் அங்கேயே முடிந்தது.

முதுகைவிட நீளமான பையில் இடுப்புப் பட்டை எலும்புக்குக் கீழே சரிந்து தொடையை இடிக்கும். குட்டையான பையில் அது வயிற்றில் ஏறி உட்காரும், பாரம் முழுக்கத் தோளில். முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள பைகள் இருக்கின்றன. நம் அளவு அதன் வரம்புக்குள் வருகிறதா என்று பார்த்தால் போதும். பெண்களுக்கென்று வளைந்த தோள்பட்டையோடும் சாய்ந்த இடுப்புப் பட்டையோடும் தனியாகவே வருகின்றன.

லிட்டருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய மூட்டையைச் சுமைக்காரர் எடுத்துக்கொண்டு, மழைச்சட்டை, ஸ்வெட்டர், தண்ணீர், கேமரா மட்டும் நம்மிடம் என்றால் 30–35 லிட்டர். எல்லாவற்றையும் நாமே சுமப்பதானால் 45–55. பயிற்சிக்கென்று தனிப் பை வேண்டாம், எதை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறோமோ அதிலேயே பயிற்சி. எந்த இடத்தில் உரசும், எந்த பக்கிள் தானாக நழுவும் என்பதெல்லாம் சென்னையிலேயே தெரிந்துவிடுவது நல்லது. பையின் சொந்த எடையும் சுமைதான் என்பதை மறக்காதீர்கள். சட்டகத்தோடு ஒன்றரை கிலோவுக்கு மேலும் வரலாம்.

கடையில் ஐந்து நிமிடம்

காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்த்தால் எல்லாப் பையும் அழகாகத்தான் இருக்கும். உள்ளே 7–8 கிலோ போடச் சொல்லுங்கள். சில கடைகளில் இதற்கென்றே எடை மூட்டை வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் அங்கேயே விற்கிற டம்பெல்லைத் துணியில் சுற்றிப் போடலாம். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்:

எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டையை மாட்டுங்கள். பஞ்சுப் பகுதியின் நடு, இடுப்பெலும்பின் விளிம்பில் உட்கார வேண்டும். தொப்பை உள்ளவர்கள் பக்கிளைத் தொப்பைக்குக் கீழே கொண்டுவர வேண்டும், மேலே கட்டினால் மூச்சு முட்டும். இறுக்கிய பிறகும் இழுக்க இடம் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். மூன்று மாதப் பயிற்சியில் இடுப்பு இளைத்தாலும் இளைக்கும்!

அடுத்து தோள்பட்டைகளை இறுக்குங்கள். பட்டை தோளைச் சுற்றி இடைவெளியில்லாமல் படிய வேண்டும். தோளுக்கு மேலே பையின் தலைப்பகுதியிலிருந்து வரும் சிறு பட்டை சுமார் 45 பாகை சாய்வில் ஏற வேண்டும். அதை இழுத்தால் பை முதுகோடு ஒட்டும். மேலே சொன்ன 20 செ.மீ.-ஐக் குறைக்கிற கருவி அதுதான்.

இப்போது உண்மையான சோதனை. தோள்பட்டைகளை இரண்டு அங்குலம் தளர்த்துங்கள். பை இடுப்பிலேயே நின்றால் பாரம் இறங்குகிறது. அப்படியே சரிந்து தொங்கினால் அந்தப் பை உங்களுக்கானது இல்லை, தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் சரி.

கடைசியாகக் கடையில் மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். முழங்காலைத் தூக்கும்போது பட்டை இடிக்கக்கூடாது, தலையை நிமிர்த்தினால் பையில் முட்டக்கூடாது.

சென்னை வியர்வையும் வலைமுதுகும்

முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்று போக, வலையை விறைப்பாகக் கட்டி இடைவெளி விட்ட பைகள் நிறைய வருகின்றன. நம் ஊர் வெயிலுக்கு ஆசையாக இருக்கும். ஆனால் அந்த இடைவெளி நான்கைந்து செ.மீ. என்றால் சுமையின் மையமும் அவ்வளவு பின்னால் போகிறது. மேலே போட்ட கணக்கில் 10 கிலோவுக்கு இது தோளில் ஏறத்தாழ ஒரு கிலோ கூடுதல் இழுப்பு. 6–7 கிலோ வரை சுமப்பவர்கள் வலையை எடுத்துக்கொள்ளலாம். 10 கிலோவுக்கு மேல் போனால் ஒட்டின முதுகே நல்லது. வியர்வை சட்டையைத் துவைத்தால் போய்விடும்.

பைக்குள் என்ன போடுவது?

5 கிலோ தண்ணீர் 5 லிட்டர் இடம் பிடிக்கும். அரிசி ஆறு லிட்டருக்குப் பக்கம், மணல் மூன்று லிட்டர்தான். இரும்புத் தட்டு கைப்பிடி அளவு, ஆனால் நேராகப் பையின் அடியில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு அடிக்கும் இடுப்பை இடிக்கும்.

பையின் அடியில் பழைய போர்வையைத் திணித்துவிட்டு, அதன்மேல் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடு உயரத்தில் அரிசியோ தண்ணீர் பாட்டிலோ வையுங்கள். வெளிப்பக்கம் துண்டு, துணி. பக்கவாட்டுப் பட்டைகளை இழுத்துக் கட்டுங்கள். உள்ளே எதுவும் ஆடக்கூடாது.

என் ஓட்டு தண்ணீருக்கு, காரணம் முழங்கால். செயற்கை மூட்டுக்குள் உணரியை வைத்து அளந்த ஆய்வொன்றில், படி இறங்கும்போது முழங்காலில் வரும் விசை உடல் எடையைப் போல சுமார் மூன்றரை மடங்கு. ஏறும்போது அதைவிடச் சற்றுக் குறைவு. அதே விகிதத்தில் பார்த்தால் 10 கிலோ பை, இறங்கும் ஒவ்வொரு படியிலும் முழங்காலுக்கு 35 கிலோ. தண்ணீர் என்றால் மொட்டைமாடிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு காலிப் பையோடு இறங்கலாம். மாடித் தோட்டம் வைத்திருக்கிற பக்கத்து வீட்டு அம்மா நான் எப்போது மறுபடி பயிற்சி தொடங்குவேன் என்று விசாரிக்கிறார்.

முழுக்க லிஃப்டில் இறங்கிவிடாதீர்கள். மலையில் இறக்கமும் உண்டு, தொடைக்கு அந்தப் பழக்கம் வேண்டும். முதல் மாதம் சுமையில்லாமல் இறங்குங்கள், பிறகு பாதிச் சுமையோடு.

எவ்வளவு, எத்தனை நாள்?

பாக்திங் சுமார் 2,610 மீட்டர், அடுத்த நாள் போய்ச் சேரும் நாம்சே 3,440. நிகர ஏற்றம் 830 மீட்டர். பத்து மாடி அடுக்ககத்தில் ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்றால் ஒரு சுற்று 30 மீட்டர், அந்த ஒரு நாளுக்கு 28 சுற்று. பயமுறுத்தச் சொல்லவில்லை, இலக்கு எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காக.

நான் பின்பற்றுவது 12 வாரத் திட்டம். முதல் இரண்டு வாரம் 4 கிலோ. பிறகு வாரத்துக்கு ஒரு கிலோ கூடுதல், 4-வது, 8-வது வாரங்களில் மட்டும் கூட்டுவதில்லை. 10-வது வாரத்தில் 10 கிலோ வரும், 11-லும் அதே, 12-வது வாரம் பேருக்கு நடை. மலையில் நான் சுமக்கப்போவது 7 கிலோ. அதைவிடக் கொஞ்சம் மேலே பழகினால் போதும், 20 கிலோ தூக்கிக் காட்டி யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள் சுமை, நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. சுமையைக் கூட்டுகிற வாரத்தில் வேகத்தையோ சுற்றுகளையோ கூட்டுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றினால்தான், வலி வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியும். புரோகிராமில் பிழை தேடுகிற அதே முறைதான்.

தசை வலி ஓரிரு நாளில் போய்விடும். மூட்டு வலி, கை மரத்தல், ஒரு பக்கம் மட்டும் வலி இருந்தால் அந்த வாரம் சுமை வேண்டாம். முதலில் பட்டைகளைச் சரிபாருங்கள். பிறகும் இருந்தால் மருத்துவர்.

கடைக்குக் கிளம்பும் முன் இன்று இரவே ஒரு தையல் டேப்பை எடுத்து முதுகை அளந்து, அந்த எண்ணை மொபைலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் "எத்தனை லிட்டர் சார் வேணும்?" என்று கேட்டால், அந்த எண்ணைச் சொல்லுங்கள்.